வெண்புள்ளி உள்ளவர்களின் தோற்றக் கவலை: காரணங்களை இனங்கண்டு கையாளும் முறை

தோல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் இருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரு கைகளிலும் முழங்கால்களிலும் வெண்புள்ளிகள் பரவியிருக்கின்றன. அவர் அரைக்கைச் சட்டை அணிந்து, பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறார். மற்றவருக்கு உதட்டோரத்தில் மிளகளவு ஒரே ஒரு புள்ளி. அவர் ஒரு வருடமாக எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை, வீட்டில் குழுப்படம் எடுக்கும் நேரத்தில் அடுக்களைக்குள் போய்விடுகிறார். நோயின் பரப்பை மட்டும் அளந்தால் முதலாமவருக்கே துன்பம் அதிகம் இருக்க வேண்டும். வெண்புள்ளி, சொரியாசிஸ், முகப்பரு ஆகிய மூன்றிலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, தோலில் நோய் பிடித்திருக்கும் இடத்தின் அளவும் அந்த மனிதர் படும் வேதனையின் அளவும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை என்பதே. இடையில் மனம் சார்ந்த சில காரணங்கள் வேலை செய்கின்றன. மருந்து தோலில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் மாதங்களில், இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு, அவற்றின் பிடியைத் தளர்த்த முடியும். அதற்கான வழியை இங்கே எழுதுகிறேன். மற்றத் தோல் நோய்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும் என்றாலும், நம் ஊரில் வெண்புள்ளிக்கு நேர்வது தனி ரகம் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கவலையின் ஒரு பங்கு தவறான தகவலிலிருந்தே கிளம்புகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிப்பதால் வெண்புள்ளி உண்டாகிறது. உலக மக்களில் ஏறத்தாழ 0.5 முதல் 2 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு 20 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இது தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது, அதில் திட்டுகளில் உணர்ச்சி குறையும். வெண்புள்ளியில் உணர்ச்சி அப்படியே இருக்கும். இரண்டுக்கும் தொடர்பே இல்லாத நிலையில் ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய பெயர் எவ்வளவு தீங்கு செய்திருக்கிறது என்பதை உணர்ந்துதான், தமிழ்நாடு அரசு ‘வெண்புள்ளிகள்’ என்ற சொல்லையே பயன்படுத்தும்படி ஆணையிட்டது. ஆகவே இந்த வழிமுறையின் மிக எளிய முதல் செயல், பழைய பெயரை வீட்டில் யாரும், பாதிக்கப்பட்டவர் தமக்குள்கூட, சொல்லாமல் இருப்பது. இது வெறும் சொல் நாகரிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னைத் தானே எந்தப் பெயரால் ஒருவர் அழைத்துக்கொள்கிறாரோ, அந்தப் பெயருக்குரிய அச்சமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவு இடம் விழுங்கியிருக்கிறது என்று பாருங்கள்

மருத்துவர் தோலின் பரப்பை அளப்பார். நீங்கள் அளக்க வேண்டியது, இந்த நோய் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கிறது என்பதை. இதற்கென்றே கார்டிஃப் நகரத்துத் தோல் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட ஒரு வினாத்தாள் இன்றுவரை உலகெங்கும் தோல் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. பத்தே கேள்விகள், எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. கூச்சம் ஏற்பட்டதா, உடுத்தும் துணியை நோய் தீர்மானித்ததா, கடைக்குப் போவதோ வீட்டு வேலையோ தடைப்பட்டதா, நண்பர்களோடும் துணையோடும் சங்கடம் வந்ததா, சிகிச்சையே ஒரு சுமையாகிவிட்டதா என்று அவை கேட்கின்றன. மொத்தம் 30 மதிப்பெண். 10க்கு மேல் போனால் நோய் வாழ்க்கையை மிகவும் பாதிக்கிறது என்று பொருள். உங்கள் மருத்துவரிடம் இந்த வினாத்தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அது கிடைக்காவிட்டாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வாரத்துக்கு, தோலைப் பற்றிய எண்ணம் மனத்தைக் கனக்கச் செய்த ஒவ்வொரு முறையும் மூன்றே செய்திகளை எழுதுங்கள்: எங்கே, யாருடன் இருந்தீர்கள், மனத்தில் ஓடிய வாக்கியம் என்ன, அதன்பின் என்ன செய்தீர்கள் அல்லது செய்யாமல் விட்டீர்கள். ‘மளிகைக்கடை. மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைத்தார், என் கையைத் தொட அருவருப்படைகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தம்பியைத்தான் அனுப்புகிறேன்’ என்பது போல. மனத்தில் ஓடிய வாக்கியத்தை அது ஓடியபடியே, பேச்சுத் தமிழிலேயே எழுதுவது நல்லது. திருத்தி எழுதினால் அதன் கூர் மழுங்கிவிடும். ஏழு நாள் கழித்துப் படித்துப் பார்த்தால், ஓரிரண்டு வாக்கியங்களே வேறு வேறு ஆடை கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். கீழே வரும் காரணங்களில் எது உங்களுடையது என்பதை அந்த நோட்டுதான் காட்டும். எல்லாமே எல்லோருக்கும் பொருந்தாது.

பிறர் பார்வையை முன்கூட்டியே படித்துவிடுதல்

காரணங்களில் பெரியது இதுதான் என்பது என் கருத்து, ஆகவே இதில் சற்று நிற்கிறேன். 1980இல் க்ளெக், ஸ்ட்ரென்டா என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, தழும்பு வெடிக்காமலிருக்க ஏதோ பூசுவதாகச் சொல்லி, அவர்கள் அறியாமலே அதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். தழும்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவரோடு பேசப் போனவர்கள் திரும்பி வந்து, ‘அவர் என் தழும்பினால் என்னிடம் இயல்பாக நடந்துகொள்ளவில்லை, பார்வையே சரியில்லை’ என்றார்கள். இல்லாத தழும்புக்குக் கிடைத்த பார்வை அது. 2000ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு சோதனையில், அசட்டுத்தனமாகத் தோன்றும் ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது பனியனைக் கவனித்திருப்பார்கள் என்று அதை அணிந்து போனவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

இதைச் சொன்னதும் ‘எல்லாம் உன் பிரமை’ என்று சொல்ல வருவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தழும்பு வரையப்பட்டவர் வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிடலாம். வெண்புள்ளி உள்ளவரால் முடியாது. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். பேருந்தில் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். அப்படிப்பட்ட அனுபவம் ஒன்றிரண்டு நேர்ந்த மனம், அடுத்த நூறு பார்வைகளையும் அதே கணக்கில் எழுதிவிடுகிறது என்பதே சிக்கல். எனவே நோட்டில் எழுதிய பார்வைகளை மூன்றாகப் பிரித்துப் பழகுங்கள். கண்ணில் பட்டதைக் கண் பார்ப்பது ஒன்று. அது ஒரு நொடியில் நகர்ந்துவிடும். என்னவென்று அறியும் ஆவலில் பார்ப்பது இரண்டாவது. குழந்தைகளும் வயதானவர்களும் பெரும்பாலும் இந்த வகை. விலக்கிவைப்பது மூன்றாவது; அதற்குச் சொல்லோ செயலோ அடையாளமாக இருக்கும். சில்லறையை மேசையில் வைத்த கடைக்காரர் உங்களுக்கு முன்னால் நின்றவருக்கும் அப்படித்தான் வைத்தாரா என்று அடுத்த முறை பாருங்கள். விலக்கிவைத்தது உறுதியானால், அது அவருடைய அறியாமையின் பிழை என்று அதே நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கணக்கில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி கேட்பவர்களுக்குப் பதிலை முன்பே தயாராக வைத்திருப்பது அச்சத்தைப் பாதியாக்கும். 18 வயதில் வாகனத் தீவிபத்தில் முகம் கருகிப்போன ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992இல் பிரிட்டனில் தொடங்கிய ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ என்ற அமைப்பு இதற்கு ஓர் எளிய வரிசையைச் சொல்லித் தருகிறது: என்னவென்று விளக்குவது, அஞ்ச வேண்டாம் என்று தெளிவிப்பது, பேச்சை வேறு பக்கம் திருப்புவது. நம் வீடுகளில் அது இப்படி இருக்கலாம்: ‘இது வெண்புள்ளி அத்தை, தோலில் நிறம் மட்டும் போயிருக்கிறது. தொட்டால் ஒட்டாது. அது இருக்கட்டும், மாமாவுக்கு முட்டிவலி தேவலையா?’ வாய்விட்டு நான்கைந்து முறை வீட்டில் சொல்லிப் பழகாமல் இது சபையில் வராது. மருந்து சொல்லும் உறவினருக்கு இன்னும் சிறிய பதில் போதும்: ‘வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் பெரியம்மா.’ அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

பார்த்துப் பார்த்துச் சரிபார்த்தலும் மறைத்தலும்

நாளுக்குப் பத்து முறை கண்ணாடி, போதாதற்குக் கைபேசிக் கேமரா. பரவியிருக்கிறதா என்று தேடுகிற கண்ணுக்கு ஒளி மாறினாலே புள்ளி பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு முறை பார்த்ததும் கிடைக்கும் நிம்மதி சில நிமிடம்தான். மறுபடி பார்க்கச் சொல்லி மனம் நச்சரிக்கும். இதற்கு மாற்றாக, மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஒரே சன்னல் அருகே, ஒரே நேரத்தில், ஒரே தொலைவில் ஒரு படம் எடுத்து மருத்துவருக்கென்று வைத்துவிடுங்கள். வெண்புள்ளியில் நிறம் திரும்பும்போது பெரும்பாலும் முடிக்கால்களைச் சுற்றிக் கடுகளவுப் பழுப்புப் புள்ளிகளாகத்தான் முதலில் தோன்றும்; நாள்தோறும் பார்ப்பவர் கண்ணில் படாத அந்த மாற்றம், மாதாந்திரப் படங்களை அடுத்தடுத்து வைத்தால் தெரியும்.

கண்ணாடியை அடியோடு விலக்குவதும் நல்லதல்ல. சிலர் கண்ணாடிக்குத் துணி போட்டு மூடிவிடுகிறார்கள். நாளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, தலைமுடி தொடங்கிப் பாதம் வரை கண்ணில் படுவதை நிறம், வடிவம், அளவு என்று மட்டும் சொல்லிக்கொண்டு வாருங்கள். ‘புருவம் அடர்த்தி, வலக் கன்னத்தில் மச்சம், மணிக்கட்டில் எட்டணா அளவு வெள்ளை, விரல்கள் நீளம்.’ அசிங்கம், கோரம் போன்ற தீர்ப்புச் சொற்கள் வந்தால் அந்த உறுப்பை மீண்டும் ஒரு முறை தீர்ப்பில்லாமல் சொல்லுங்கள். உடலில் நூறு இடம் இருக்க, கண் ஒரே இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தை இது மெல்லக் குறைக்கும்.

மறைப்பதில் இரு பக்கமும் உண்டு. தோல் நிறத்தோடு ஒத்த ஒப்பனைப் பூச்சு பலருக்கு நேர்முகத் தேர்வு, திருமண வரவேற்பு போன்ற நாட்களில் பெரும் உதவி. அதைக் குறைசொல்வதில் பொருளில்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, வாசலில் யாரோ அழைப்புமணி அடித்தால் துப்பட்டாவைத் தேடி ஓடுதல், பூச்சில்லாமல் குப்பை கொட்டக்கூடப் போகாமை என்று வந்துவிட்டால் மறைப்பு உங்களை ஆள்கிறது. அப்போது ஒரு படிவரிசை எழுதுங்கள். அடியில் மிக எளிதானது, உச்சியில் நினைத்தாலே நெஞ்சு அடைப்பது. மொட்டைமாடியில் அரைக்கையோடு துணி காயப்போடுவது, பக்கத்துத் தெருக் கடையில் பால் வாங்குவது, நெருங்கிய தோழி வீட்டுக்குப் போவது, பேருந்துப் பயணம், உறவுக் கல்யாணம் என்று அது போகலாம். ஒரு படியில் பதற்றம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே பல முறை நின்று, பிறகு அடுத்ததற்கு ஏறுங்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். படி ஏறுவதற்கு முன் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்’ என்றும், திரும்பி வந்ததும் ‘என்ன நடந்தது’ என்றும் ஒவ்வொரு வரி எழுதுவது இதில் விட்டுவிடக் கூடாத பகுதி.

தோற்றத்துக்குக் கொடுத்திருக்கும் எடை

உடல் தோற்றத்தைப் பற்றிய உளவியலில் அமெரிக்கரான தாமஸ் கேஷ் இரண்டு அளவுகளைப் பிரித்துக் காட்டினார்: நம் தோற்றத்தில் நாம் கொள்ளும் நிறைவு ஒன்று, நம் மதிப்பு முழுவதையும் தோற்றத்தின் மேல் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்பது மற்றொன்று. நிறைவு குறைந்தாலும் எடை குறைவாக இருப்பவர் சமாளித்துவிடுகிறார். நம் சமூகத்தில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, இந்த எடையை அவர்களாக ஏற்றிக்கொள்வதில்லை. பிறந்த அன்றே நிறம் பார்த்து, மணமகள் தேவை விளம்பரம் வரை நிறம் கேட்டு, ஊரே சேர்ந்து ஏற்றிவைக்கிறது. ஒரு தாளில் வட்டம் வரைந்து, உங்களை நீங்கள் மதிப்பிடும்போது எதெதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பாருங்கள்: தொழில், பிள்ளைகள், நட்பு, கைத்திறன், தோற்றம். தோற்றம் பாதியைத் தாண்டினால், அதைச் சுருக்க முயல்வதைவிட மற்றதை வளர்ப்பதே எளிது. நோய் வந்தபின் கைவிட்ட ஒன்றை, பாட்டு வகுப்போ கைப்பந்தோ எதுவானாலும், வாரம் இரண்டு முறையாவது மீண்டும் தொடங்குங்கள்.

வெட்கமும் குற்ற உணர்வும்

‘பாலும் மீனும் சேர்த்துச் சாப்பிட்டாயா?’ என்ற கேள்வியைக் கேட்காத வெண்புள்ளிக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அந்த உணவுச் சேர்க்கைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. முன்வினை, சாபம், கர்ப்பத்தில் தாய் செய்த தவறு என்பவையும் அப்படியே. நோயைத் தன் குற்றமாக எண்ணுகிறவர் சிகிச்சையையும் தண்டனைபோல் அனுபவிக்கிறார். ஒரு நாள் மாத்திரையை மறந்தால் மனம் உடைந்துபோகிறார். தாய்மார்களின் குற்ற உணர்வு இதைவிட ஆழமானது, அது பிள்ளைக்கும் தொற்றும். வீட்டார் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு: தினமும் காலையில் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி ‘பரவிவிட்டதா’ என்று பார்ப்பதை நிறுத்துவது. மருந்து பூசும் நேரத்தில் பார்த்தால் போதும்.

திருமணப் பேச்சில் மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. மறைத்துச் செய்த திருமணத்தில், எப்போது தெரியுமோ என்ற பயம் ஒவ்வொரு நாளும் வட்டி கட்டும். நிச்சயதார்த்தத்துக்கு முன், இன்னார் இன்னாரிடம் சொல்வது என்று வீட்டில் முடிவுசெய்து, தொற்றாது என்பதையும், வெண்புள்ளி உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. எதிர்த்தரப்பு விரும்பினால் தோல் மருத்துவரிடமே அழைத்துப் போகலாம்.

சிகிச்சையிடம் எதிர்பார்ப்பது

இந்த நோய் எப்போது நிற்கும், எங்கே அடுத்துத் தோன்றும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையே பலரை ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம், பிறகு ‘30 நாளில் குணம்’ சுவரொட்டியிடம் துரத்துகிறது. புற ஊதாக்கதிர்ச் சிகிச்சையை வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் எடுத்தபின்தான் பலன் இருக்கிறதா என்றே மதிப்பிட முடியும். முகத்தில் நிறம் ஓரளவு நன்றாகத் திரும்பும், விரல் நுனியும் பாதமும் மிக மெதுவாகவே இணங்கும். இதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் மூன்றாவது மாதத்தின் ஏமாற்றம் குறையும். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் கூடவே வருவதுண்டு. தைராய்டு சுரப்புக் குறைவே சோர்வையும் மனவாட்டத்தையும் தரக்கூடியது என்பதால், எல்லாச் சோர்வையும் மனத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

மனநல மருத்துவரிடம் எப்போது

2015இல் வெளியான, 13 ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தோல் மருத்துவமனைக்கு வந்தவர்களில் 10.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் 17.2 சதவீதம் பேருக்குப் பதற்றநோயும் இருந்தன. தோல் நோய் இல்லாதவர்களிடம் அவை 4.3, 11.1 சதவீதம். ஆகவே உதவி தேவைப்படுவது அபூர்வமோ பலவீனமோ அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, பள்ளிக்கோ வேலைக்கோ போவது நின்றுவிட்டால் தள்ளிப்போட வேண்டாம். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிய குறையை எண்ணி நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மாய்ந்துபோவது ‘பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்’ என்ற தனி நோயாக இருக்கலாம். அதற்கு எத்தனை களிம்பு மாற்றினாலும் நிறைவு வராது, மனநல மருத்துவரின் மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும்தான் உதவும். எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை, வெண்புள்ளி உள்ளவர்களின் தன்மதிப்பையும் உடல் தோற்ற உணர்வையும் மேம்படுத்தியதை 1999இல் லண்டனில் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது; மேலே சொன்ன நோட்டும் படிவரிசையும் அந்தச் சிகிச்சையின் கருவிகளே.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அதை யாரிடமாவது அன்றே சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். அவசரமில்லாதவர்கள் அடுத்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது மாதப் படங்களோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் சந்திப்பில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்லி எழுந்துவிடாமல், மூன்று மாதமாகக் கடைக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் திறந்து அவர் முன் வையுங்கள்.